சனிக்கிழமை காலேஜ் ஃபுட்பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2006-ல், மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பருக்குக் குடிவந்தோம். அப்போதிலிருந்து ஆகஸ்ட் பிறந்தால் போதும், படிக்க வந்த பிள்ளைகள், அவர்களைப் பார்க்க வந்த பெற்றோர், வேலை கிடைத்து வந்த புது ஜோடிகள் என்று யாராவது எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு இதே சந்தேகங்களைக் கேட்பார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, ஃபுட்பால்னு சொல்றீங்க, ஆனா கையில தூக்கிட்டுல்ல ஓடுறாங்க?

நியாயமான கேள்விதான். 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ் மாணவர்களும் பிரின்ஸ்டன் மாணவர்களும் ஆடியதைத்தான் முதல் காலேஜ் ஃபுட்பால் ஆட்டமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்துக்கு 25 பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது; உதைக்கலாம், தட்டலாம். ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. அப்புறம் ரக்பி விதிகள் உள்ளே நுழைந்தன, பந்து கைக்குப் போனது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. நம் ஊர்க் கால்பந்துக்கு இங்கே சாக்கர் என்று பெயர்.

விதி ஒண்ணுமே புரியலை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கிரிக்கெட் தெரியுமல்லவா, அது போதும். ஒரு ஓவரில் நாலு பந்துதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு பந்துக்குள் பத்து ரன் எடுத்தால் இன்னொரு ஓவர் கிடைக்கும். எடுக்காவிட்டால் பேட்டிங் எதிரணிக்குப் போய்விடும். இங்கே ரன்னுக்குப் பதில் யார்டு, அதாவது நம் கெஜம். பந்துக்குப் பதில் டவுன். திரையில் "3 & 7" என்று தெரிந்தால் மூன்றாவது முயற்சி, இன்னும் ஏழு யார்டு வேண்டும் என்று பொருள். இந்த ஒன்றைப் படிக்கத் தெரிந்தால் ஆட்டத்தில் பாதி புரிந்த மாதிரி.

மைதானம் 100 யார்டு நீளம். அதன் இரு முனையிலும் 10 யார்டு ஆழத்தில் ஒரு பட்டை இருக்கும். பந்தோடு அந்தப் பட்டைக்குள் போய்விட்டால் டச்டவுன், 6 புள்ளி. உடனே ஒரு உதை, அதற்கு 1 புள்ளி. உதைக்காமல் மறுபடி உள்ளே கொண்டுபோய்க் காட்டினால் 2. டச்டவுன் வராது என்று தோன்றும்போது கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி. மற்ற விதிகளெல்லாம் பார்க்கப் பார்க்கத் தானாக வரும். முதல் நாளே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய உட்கார்ந்தவர்கள் ரெண்டாவது வாரம் வருவதில்லை, பார்த்திருக்கிறேன்.

நாலாவது வாய்ப்பு கையில இருக்கும்போதே ஏன் பந்தை உதைச்சு எதிராளிக்குக் கொடுத்துடறாங்க?

இதற்குப் பெயர் பன்ட். நாலாவது முயற்சியும் தவறினால் பந்து எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கிருந்தே எதிரணி தொடங்கும். அது உங்கள் வாசலுக்குப் பக்கத்தில் என்றால் ஆபத்து. தூரமாக உதைத்துவிட்டால் அவர்கள் அவ்வளவு தூரமும் நடந்து வர வேண்டும். விட்டுக்கொடுப்பது போலத் தெரிந்தாலும் அது நிலம் வாங்கும் கணக்கு.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் 1950 நவம்பர் 25-க்குப் போக வேண்டும். ஒஹாயோவின் கொலம்பஸில் கடும் பனிப்புயல். கோடுகளே தெரியவில்லை. மிச்சிகன் அணி அன்று 24 முறை பன்ட் அடித்தது. மேலே சொன்ன "பத்து ரன் எடுத்தால் இன்னொரு ஓவர்" இருக்கிறதே, அதை ஆட்டம் முழுவதும் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. ஆனாலும் 9-3 என்று ஜெயித்தது. உதையைத் தடுத்து எடுத்த புள்ளிகள்தான் அத்தனையும். பன்ட் வந்தால் சமையலறைக்கு எழுந்து போகும் எல்லாரிடமும் இந்தக் கதையைச் சொல்லி உட்கார வைக்கிறேன்.

ஒரு மணி நேர ஆட்டம்னுதானே போட்டிருக்கு, ஏன் மூணரை மணி நேரம் இழுக்குது?

15 நிமிடம் வீதம் நாலு பகுதி, மொத்தம் 60 நிமிடம். ஆனால் பந்து கோட்டுக்கு வெளியே போவது, வீசிய பந்து பிடிபடாமல் விழுவது, அணி கேட்கும் டைம் அவுட், டிவி விளம்பரம் என்று நின்று நின்றுதான் ஓடும். நடுவில் 20 நிமிட இடைவேளை. 2023-லிருந்து கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள்: முன்பு புது ஓவர் கிடைத்ததும் கடிகாரம் நிற்கும், இப்போது ஒவ்வொரு பாதியிலும் கடைசி 2 நிமிடத்தில் மட்டும்தான் அப்படி நிற்கிறது.

ஏன் சனிக்கிழமை மட்டும்?

பழக்கமும் உண்டு, சட்டமும் உண்டு. 1961-ல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், தொழில்முறை லீக்கான என்எஃப்எல் தன் அணிகளின் ஒளிபரப்பு உரிமையை மொத்தமாக விற்க அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனை: செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வெள்ளி மாலையிலும் சனிக்கிழமையிலும் பள்ளி, கல்லூரி ஆட்டங்கள் நடக்கும் இடங்களில் குறுக்கே வந்து ஒளிபரப்பக் கூடாது. அதனால்தான் வெள்ளி பள்ளிக்கு, சனி கல்லூரிக்கு, ஞாயிறு என்எஃப்எல்-க்கு என்று வாரக் கடைசி பங்கு போட்ட மாதிரி இருக்கிறது. டிசம்பர் நடுவில் பருவம் முடிந்ததும் என்எஃப்எல் சனிக்கிழமைக்கும் வந்துவிடும், கவனித்துப் பாருங்கள்.

சனிக்கிழமை முழுக்கப் பார்க்கணும்னா எப்படித் திட்டம் போடறது? ஒரே நேரத்துல பத்து ஆட்டம் ஓடுதே!

கிழக்கு நேரப்படி மதியம் 12, பிற்பகல் 3:30, இரவு 7:30, அப்புறம் மேற்குக் கரைக்காரர்களுக்காக இரவு 10:30 வாக்கில் என்று நாலு வரிசையில் ஆட்டங்கள் வரும். காலையில் 9 மணிக்கே ஏதாவது ஒரு கல்லூரி வளாகத்திலிருந்து பேச்சு நிகழ்ச்சி தொடங்கிவிடும். மாணவர்கள் விடியற்காலையிலிருந்தே அட்டைப் பலகை எழுதிக்கொண்டு பின்னால் நிற்பார்கள்.

என் வழக்கம் இது: வெள்ளி இரவே தோசை மாவு அரைத்து வைத்துவிடுவேன், சனி மதியம் வரை அடுப்படி வேலை சுலபம். நாலு வரிசையில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதல் உதையிலிருந்து கடைசி நொடிவரை எழுந்திருக்காமல் பார்ப்பேன். மற்றவற்றை அரைகுறையாகப் பார்த்தால் போதும். சேனல் மாற்றி மாற்றி எல்லா டச்டவுனையும் பிடிப்பவர்கள் நிறையப் பார்க்கிறார்கள், ஆனால் ஒரு பயிற்சியாளர் முதல் பாதியில் மூன்று தடவை ஒரே ஓட்டத்தை ஓடவிட்டு, எதிராளி அதற்குப் பழகியபின் நாலாவது தடவை அதே தோற்றத்தில் பந்தை வீசவைப்பது அவர்கள் கண்ணில் படாது. எனக்கு இந்த ஆட்டத்தின் ருசியே அதுதான்.

ஞாயிறு பிற்பகல் ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் தரவரிசை வரும், முதல் 25 அணிகள். 1936-லிருந்து பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டு வெளியிடும் பட்டியல். அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் வாரம் முடியும்.

நான் அந்தக் காலேஜ்ல படிக்கலையே, எந்த டீமுக்கு சப்போர்ட் பண்றது?

எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர் அணிக்கு. நானும் இங்கே படிக்கவில்லை. மளிகைக் கடையில் பில் போடுபவர், பிள்ளையின் டீச்சர், எதிர்வீட்டுத் தாத்தா எல்லாரும் திங்கட்கிழமை அதே ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். குடிவந்த முதல் வருடம் எனக்கு இந்த ஊரில் பேச்சுத் துணை கிடைத்ததே அப்படித்தான். தொழில்முறை அணி இல்லாத ஊர்களில் இது இன்னும் அழுத்தமாக இருக்கும்.

நேர்ல போய்ப் பார்க்கணுமா? டிவியிலயே நல்லாத் தெரியுதே.

ஒரு தடவையாவது போங்கள். மிச்சிகன் ஸ்டேடியம் 1927-ல் திறந்தது. பள்ளம் தோண்டிக் கட்டியிருப்பதால் வெளியே நின்று பார்த்தால் அதன் அளவே தெரியாது. வாசலுக்குள் நுழைந்ததும் நீங்கள் மேல் வரிசையில் நிற்பீர்கள். கோயில் குளத்தின் மேல்படியில் நின்று பார்ப்பதுபோல் கீழே கீழே படிகள் இறங்கிக்கொண்டே போகும், அடியில் பச்சை மைதானம். கொள்ளளவு 1,07,601. கடைசியில் இருக்கும் அந்த ஒன்று, முன்னாள் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரிஸ்லரின் நினைவாக விட்ட இடம். அது எந்த இருக்கை என்று யாருக்கும் சொல்வதில்லை. ஊரின் மக்கள்தொகையே ஏறக்குறைய 1.2 லட்சம்தான். 1975 நவம்பரிலிருந்து, கொரோனா காலமான 2020-ஐத் தவிர, இங்கே நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லட்சம் பேருக்குக் குறையாமல் வந்திருக்கிறார்கள்.

ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் முன்னதாகவே உள்ளே போய்விடுங்கள். பேண்ட் குழு ஓடிவரும் காட்சியை டிவியில் பெரும்பாலும் விளம்பரம் விழுங்கிவிடும். மக்காச்சோள மஞ்சளும் நீலமும் கலந்த பதாகையை மைதான நடுவில் தூக்கிப் பிடித்திருப்பார்கள், வீரர்கள் ஒவ்வொருவராக எகிறி அதைத் தொட்டுவிட்டு ஓடுவார்கள். கைப்பை விதி ஊருக்கு ஊர் மாறும், பல இடங்களில் உள்ளே இருப்பது தெரிகிற பையைத்தான் விடுவார்கள். கிளம்பும்முன் அந்த மைதானத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெயில்கேட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. நான் சைவம். என்ன எடுத்துட்டுப் போறது?

டெயில்கேட் என்றால் ஆட்டத்துக்கு முன்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சமைப்பதும் சாப்பிடுவதும். அவர்கள் அடுப்பில் இறைச்சிதான் பெரும்பாலும் இருக்கும், ஆனால் சோளக்கதிரும் சுடுவார்கள். நான் புளியோதரை கொண்டுபோவேன். கட்டுச்சோற்றுக்கு அதைவிட ஏற்றது எது? ஆறினாலும் கெடாது, ஒரு கரண்டி போதும், கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கலாம். காகிதத் தட்டும் தண்ணீரும் கூடுதலாக எடுத்துப் போங்கள். வெறுங்கையோடு போனாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நவம்பர்ல டிக்கெட் கிடைச்சிருக்கு. குளிர் தாங்குமா?

உடம்புக்கு அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்வீர்கள், பாதத்தை மறந்துவிடுவீர்கள். இருக்கை உலோக பெஞ்சு, கீழே கான்கிரீட். முதல் நவம்பரில் எனக்கு இரண்டாம் பகுதியிலேயே பாதம் மரத்துவிட்டது. பக்கத்திலிருந்த வயதானவர் ஒன்றும் பேசாமல் தன் காலடியில் இருந்த பெட்டி அட்டையைப் பாதியாகக் கிழித்து என் பக்கம் தள்ளினார். அதன்மேல் பாதத்தை வைத்த பத்தாவது நிமிடம் உணர்ச்சி திரும்பிவிட்டது. அன்றிலிருந்து நானும் அட்டை இல்லாமல் போவதில்லை, கூடுதலாக ஒன்றும் எடுத்துப்போகிறேன்.

ஒஹாயோ ஆட்டம்னா ஏன் ஊரே இப்படிப் பரபரக்குது?

மிச்சிகனும், கொலம்பஸில் இருக்கும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் முதலில் மோதியது 1897-ல். நவம்பர் கடைசியில், பருவத்தின் முடிவில் வரும். இரண்டு ஊரிலும் இதற்குத் தனிப் பெயர் கிடையாது, "தி கேம்" என்றாலே இதுதான். 1969 முதல் 1978 வரை மிச்சிகன் பயிற்சியாளர் போ ஷெம்பெக்லரும் ஒஹாயோ பயிற்சியாளர் வுடி ஹேஸும் எதிரெதிரே நின்ற பத்து வருடத்தைப் பத்தாண்டுப் போர் என்றே சொல்வார்கள். அந்த வாரம் ஒஹாயோ வளாகத்தின் பெயர்ப்பலகைகளில் இருக்கும் M எழுத்தையெல்லாம் சிவப்பு நாடா ஒட்டி மறைத்துவிடுவார்கள். முன்னால் சொன்ன பனிப்புயல் ஆட்டமும் இந்த வரிசையில் வந்ததுதான்.

நான் வந்த முதல் வருடமே, 2006-ல், நாட்டின் முதலிடமும் இரண்டாமிடமும் இந்த இரண்டு அணிகளிடம்தான் இருந்தன. 42-39 என்று ஒஹாயோ ஜெயித்தது. எங்கள் தெருவில் அன்றைய ராத்திரி ஒரு வீட்டு வாசலிலும் பேச்சுக் குரல் கேட்கவில்லை.

அயோவா ஆட்டத்துல நடுவுல எல்லாரும் எங்கேயோ பார்த்துக் கையசைக்கிறாங்களே, ஏன்?

அயோவா சிட்டியில், அயோவா பல்கலைக்கழக அணியின் கின்னிக் ஸ்டேடியத்துக்கு நேர் எதிரே குழந்தைகள் மருத்துவமனை ஒன்று உயர்ந்து நிற்கிறது. அதன் மேல்தளத்திலிருந்து மைதானம் தெரியும். 2017-லிருந்து, முதல் பகுதி முடிந்ததும் மைதானத்தில் இருக்கும் எல்லாரும், எதிரணி வீரர்கள், நடுவர்கள் உட்பட, அந்தப் பக்கம் திரும்பிக் கையசைப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சின்னக் கைகள் பதிலுக்கு அசையும். ஒரு முறை மிச்சிகன் ஆட்டத்துக்காக அங்கே போயிருந்தேன். பெரிய மஞ்சள் தொப்பி போட்ட ஒரு குழந்தையை யாரோ தூக்கிப் பிடித்திருந்தார்கள். அதன்பின் இரண்டாம் பகுதியில் என்ன நடந்தது என்று என் நினைவில் இல்லை. இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கும் இதை மட்டுமாவது காட்டுங்கள்.

பெரிய டீம் சின்ன டீமோட ஆடறப்ப எதுக்குப் பார்க்கணும்? முடிவு தெரிஞ்சதுதானே?

2007 செப்டம்பர் 1 அன்று நானும் அப்படி நினைத்துத்தான் மைதானத்துக்குப் போனேன். நாட்டுத் தரவரிசையில் மிச்சிகன் ஐந்தாமிடம். எதிரே வட கரோலினா மலைப்பகுதியிலிருந்து வந்த அப்பலேச்சியன் ஸ்டேட், ஒரு படி கீழே உள்ள பிரிவு அணி. கடைசி 26 நொடி இருக்கும்போது அவர்கள் ஃபீல்ட் கோல் அடித்து 34-32 என்று முந்தினார்கள். மிச்சிகன் ஒரே வீச்சில் பந்தை மைதானத்தின் மறுபாதிக்குக் கொண்டுபோய் 37 யார்டிலிருந்து உதைத்தது. அந்த உதையைத் தடுத்துவிட்டார்கள். லட்சம் பேர் இருந்த இடத்தில் மூலையில் இருந்த அவர்களின் சின்னக் கூட்டம் போடும் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. கீழ்ப்பிரிவு அணிக்கு ஓட்டுப் போட ஏபி பட்டியலில் வழியே இல்லாமல் இருந்தது, அந்த ஆட்டத்துக்குப் பிறகு அந்த விதியையே மாற்றினார்கள்.

இப்ப பசங்க காசு வாங்கறாங்களாமே? அப்புறம் எப்படி மாணவர்கள்னு சொல்றது?

வாங்குகிறார்கள், வாங்கட்டும். 2021 ஜூலை 1 முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தின்படி கல்லூரிகளே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம், முதல் ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. லட்சம் பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்க, அடிபடும் பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் கூடாது என்று இருந்ததுதான் அநியாயம்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். இப்போது வருடத்துக்கு வருடம் வேறு கல்லூரிக்கு மாறிவிடலாம். முதல் வருடம் தடுமாறிய பையன் நாலாம் வருடம் அணித் தலைவனாக நிற்பதைப் பார்க்கும் சந்தோஷம் குறைந்துகொண்டே வருகிறது. அப்படி ஒரே இடத்தில் தங்கி நாலு வருடம் ஆடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துக் கவனியுங்கள்.

கலிபோர்னியாவுல இருக்கிற ஸ்டான்ஃபோர்ட் எப்படி அட்லாண்டிக் கடற்கரை லீக்ல? பிக் டென்னுல ஏன் 18 டீம்?

டிவி ஒப்பந்தப் பணம்தான் காரணம். 2024-ல் பசிபிக் பக்கத்து லீக் உடைந்து இரண்டே அணிகள் மிஞ்சின. ஒரேகான், வாஷிங்டன், தெற்கு கலிபோர்னியா, யுசிஎல்ஏ நாலும் மிச்சிகன் ஆடும் பிக் டென் லீக்குக்கு வந்தன. ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியா பெர்க்லியும் அட்லாண்டிக் லீக்குக்குப் போயின. பெயர்கள் மட்டும் பழையவை. பக்கத்து ஊர்ப் பகையில் வளர்ந்த ஆட்டத்துக்கு இது நல்லதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதே 2024-ல் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் 4 அணியிலிருந்து 12 அணியானது. இது நல்ல மாற்றம். முதல் சுற்று ஆட்டங்கள் டிசம்பரில் கல்லூரி வளாகங்களிலேயே நடக்கின்றன. குளிரைப் பற்றி மேலே சொன்னதை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு வேகமா மோதிக்கறாங்களே, பார்க்கவே பயமா இருக்கு. என் பையன் பள்ளிக்கூடத்துல சேரணும்கறான்.

பயம் நியாயமானது. 1905-ல் ஒரே பருவத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிகளை அழைத்துப் பேசினார். மறு வருடம்தான் பந்தை முன்பக்கம் வீச அனுமதி வந்தது, கூட்டமாக முட்டிக்கொள்வது குறையட்டும் என்று. இன்று நாம் ரசிக்கும் நீள வீச்சுகள் அந்தச் சாவுகளிலிருந்து வந்தவை. இப்போது தலைக்கவச உச்சியால் முட்டினாலோ, தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரின் தலையைத் தாக்கினாலோ 15 யார்டு அபராதம், ஆட்டத்தைவிட்டும் வெளியேற்றுவார்கள்.

ஆனாலும் மூளைக்குத் திரும்பத் திரும்ப விழும் அடி பிற்காலத்தில் பாதிக்கும் என்பது தெரிந்த விஷயம். நான் இந்த ஆட்டத்தை நேசிக்கிறேன், என் மகனை மோதல் ஆட்டத்துக்கு விடவில்லை. இடுப்பில் கட்டிய துணிப்பட்டையைப் பிடுங்கும் ஃபிளாக் ஃபுட்பால் இருக்கிறது, அதில் சேர்த்தேன். உங்கள் வீட்டில் டாக்டரிடமும் பேசி முடிவெடுங்கள்.

ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்திருக்காங்க. அவங்களுக்குப் பிடிக்குமா?

அப்பாக்களுக்கு நாலு பந்து ஓவர் கணக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். அம்மாக்களுக்குப் பேண்ட் வாத்தியம். இடைவேளையில் ஒஹாயோ ஸ்டேட் பேண்ட் மைதானத்தில் தன் மாநிலத்தின் பெயரைக் கூட்டெழுத்தில் எழுதுவது 1936-லிருந்து நடக்கிறது. கடைசியில் பெரிய குழல் வாத்தியக்காரர் ஒருவர் துள்ளிப்போய் i எழுத்தின் புள்ளியாக நிற்பார். எதிரியின் பேண்ட்தான், ஆனாலும் என் மாமியார் அதற்காக டிவி முன் வந்து உட்காருவார்.

ஊருக்குத் திரும்பிட்டா அங்கிருந்து எத்தனை மணிக்குப் பார்க்கறது?

நவம்பர் முதல் ஞாயிறு வரை, மதிய ஆட்டம் நம் நேரப்படி சனி இரவு 9:30. பிற்பகல் 3:30 ஆட்டம் நள்ளிரவு தாண்டி 1 மணி. இரவு ஆட்டம் ஞாயிறு காலை 5 மணி, காபியோடு பார்க்கலாம். அந்த ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவிடுவார்கள், அப்புறம் எல்லாவற்றோடும் ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். ஒஹாயோ ஆட்டம் வழக்கமாக மதியம் 12 மணிக்கு, அதாவது ஊரில் இரவு 10:30. திரும்பிப் போனவர்கள் நாலைந்து பேர் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் விழித்திருந்து பார்க்கிறார்கள். முதல் உதைக்குப் பத்து நிமிடம் முன்னால் எனக்கு ஒரு போன் வரும், "அக்கா, அங்கே பனி பெய்யுதா?" என்று.